காணாமல் போன அந்த ஒரு நாள்

போன மாதம் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா மறுபடியும் அதை அனுப்பியிருந்தார். உங்களுக்கும் வந்திருக்கும். நாசாக்காரர்கள் கிரகங்களின் பாதையைக் கம்ப்யூட்டரில் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்களாம், ஓரிடத்தில் ஒரு நாள் குறைந்து கணக்கு இடித்ததாம், கூட இருந்த விசுவாசி ஒருவர் பைபிளைத் திறந்து, யோசுவா கேட்டுக்கொண்டபடி சூரியன் அசையாமல் நின்றதாகச் சொல்லும் யோசுவா 10-ஆம் அதிகாரத்தைக் காட்டினாராம். கிபியோன் மேல் சூரியன் நின்றது 23 மணி 20 நிமிடம், பைபிளில் வேறோரிடத்தில் வரும் எசேக்கியா ராஜா காலத்தில் சூரியக் கடிகாரத்தின் நிழல் பத்துப் பாகை பின்னால் போனது 40 நிமிடம், ஆக 24 மணி நேரம், கணக்கு நேர். கீழே வரிசையாக ஆமென், அல்லேலூயா.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை எங்கள் புராட்டஸ்டன்ட் சபையின் ஓய்வுநாள் பள்ளியிலும் நிற்கிறவன். இரண்டு இடத்திலும் இந்தக் கதை என்னைக் கூச வைக்கிறது.

முதலில், இது பழைய சரக்கு. டாட்டன் என்ற அமெரிக்கர் கம்ப்யூட்டரே இல்லாத 1890-இலேயே இந்த நாளைக் கணக்குப் போட்டுப் புத்தகம் எழுதிவிட்டார். எழுபதுகளில் ஹரால்ட் ஹில் என்பவர் அதில் நாசாவைச் சேர்த்துப் பரப்பினார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நாசா மறுத்தும் கதை அடங்கவில்லை. சரி, மறுப்பை விடுங்கள். கம்ப்யூட்டர் இன்றைக்குக் கிரகங்கள் இருக்கும் இடத்திலிருந்து பின்னால் நடக்கிறது, அவ்வளவுதான். வழியில் பூமி ஒரு நாள் நின்றிருந்தாலும் அதற்குத் தெரியாது. யோசுவாவுக்கு முந்தின காலத்தில் யாராவது ஒரு கிரகணத்தை நாள், நேரத்தோடு எழுதி வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒப்பிட எதுவும் இல்லாமல் ஒரு நாள் எப்படிக் 'குறையும்'?

இதே வசனத்தை வைத்துத்தான், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவையும் மடக்கினார்கள் என்பது வேறு விஷயம். அன்றைக்கு வசனத்தைக் காட்டி வானியலை வாயடைக்கப் பார்த்தோம், இன்றைக்கு அதே வசனத்துக்கு வானியலிடம் அட்டெஸ்டேஷன் கேட்டு நிற்கிறோம். சித்தப்பாவுக்கு யோசுவா எழுதியது போதவில்லை, நாசா முத்திரையும் வேண்டியிருக்கிறது. அவிசுவாசம் என்று நான் சொன்னால் கோபப்படுவார்.

எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த ஆள் ஜார்ஜ் லெமேத்ர். பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார், 1923-இல் குருப்பட்டம் பெற்றவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் அதிகம் பேர் படிக்காத ஒரு பிரெஸ்ஸல்ஸ் இதழில் கணக்கோடு எழுதினார். 1931-இல் நேச்சர் இதழுக்கு ஒரு சின்னக் கடிதம்: எல்லாம் ஒரே ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று. பெருவெடிப்புக்கு விதை அதுதான். அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் படியில் கடைசியாகக் கடவுளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது, கடவுள் மறைந்திருக்கிறவர், படைப்பை மூடும் ஒரு திரையை இன்றைய இயற்பியல் தருகிறது என்கிற மாதிரி. அதை அடித்துவிட்டுத்தான் அனுப்பினார். அந்தப் பேனாக் கோடு எனக்கு ஒரு பிரசங்கத்துக்குச் சமம்.

அப்புறம் 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கான் அறிவியல் கழகத்தில் பேசும்போது, 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்ற அந்தக் கணத்துக்கு இன்றைய அறிவியலே சாட்சி சொல்கிறது என்கிற அளவுக்குப் போய்விட்டார். சந்தோஷப்பட வேண்டியவர் லெமேத்ர்தானே? அவருக்குச் சங்கடமாகிவிட்டது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற, பிரிட்டிஷ் வானியலாளர் ஹாயில் கூட்டத்தின் கொள்கை அப்போது பலமாக இருந்தது. நாளைக்கு அணுக் கணக்கு தோற்றால் ஆதியாகமமும் சேர்ந்து தோற்குமா? வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநரோடு பேசி, விஷயத்தைப் போப்பின் காதுக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். அடுத்த வருடம் ரோமில் வானியலாளர்கள் மாநாட்டில் பேசிய போப் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தன் கொள்கை மதக் கேள்விகளுக்கு முழுக்க வெளியே நிற்கிறது என்று 1958-இலும் லெமேத்ர் சொன்னார். பூசை வைப்பதையும் நிறுத்தவில்லை, கணக்குப் போடுவதையும் நிறுத்தவில்லை.

இதையெல்லாம் சுருக்கிக் குழுவில் போட்டேன். யாரும் ஆமென் போடவில்லை. ராத்திரி சித்தப்பா போன் பண்ணினார்.

"அப்போ யோசுவா சொன்னது நடக்கவே இல்லங்கியா?"

"நடந்துச்சா இல்லையான்னு நாசா சொல்ல முடியாதுங்கேன் சித்தப்பா. நான் கோயிலுக்கு வர்றது நாசா சொல்லியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

"நீ எழுதியிருக்கியே, அந்தச் சாமியார். அவர் ஆர்.சி.தான?"

"ஆமா சித்தப்பா."

"அதான பாத்தேன்" என்று வைத்துவிட்டார்.