60 வீத அடைப்பும் 0.86 என்ற எண்ணும்

போன வருடம் மாசியில், கல்லடிப் பழைய பாலத்தில் மாலை நடை போனபோது நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியது போல வந்தது. நின்றால் விட்டுவிடும், நடந்தால் திரும்ப வரும். மூன்று நாள் வீட்டில் சொல்லவில்லை. அது பெரிய பிழை. உங்களுக்கு வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

மட்டக்களப்பில் ஈசிஜி, எக்கோ பார்த்தபிறகு கொழும்பில் சிடி அஞ்சியோகிராம், அதாவது இதய நாடிகளைக் காட்டும் ஸ்கேன் படம். நாடித்துடிப்பை 60க்குக் கிட்டக் கொண்டுவர மாத்திரை தந்து, மூச்சை அடக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். இதயத்தின் முன்பக்க நாடியில் 60 வீத அடைப்பு. முதலில் காட்டிய இடத்தில் உடனே ஸ்டென்ட், அதாவது நாடியை விரித்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைக்கவேண்டும் என்றார்கள். மனம் ஒப்பவில்லை. இன்னொரு வைத்தியர், "படத்தில் தெரியிறது ஒடுக்கம்தான் ஐயா. அதைத் தாண்டி எவ்வளவு இரத்தம் போகுது எண்டு அளந்து பார்ப்பம்" என்றார்.

கல்லடிக்காரருக்கு இது விளங்கும். 2013இல் புதுப்பாலம் திறக்கும்வரை எல்லா வாகனமும் பழைய ஒற்றைப் பாதையால்தான் போனது. விடியப்புறம் ஒரு தடையும் தெரியாது. பள்ளிக்கூட நேரத்தில் இரண்டு கரையிலும் வரிசை நிற்கும். ஒடுங்கிய நாடியும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது சமாளிக்கும், இதயம் கூட இரத்தம் கேட்கும்போதுதான் குறை தெரியும்.

மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, அதற்குள் அமுக்கம் அளக்கும் மெல்லிய கம்பியை ஒடுக்கத்துக்கு அப்பால் கொண்டுபோனார்கள். அப்புறம் அடெனோசின் ஏற்றினார்கள். இதயத்தின் நுண்ணிய நாளங்களை விரித்து அந்தப் பள்ளிக்கூட நேரத்தை வரவழைக்கிற மருந்து அது. முகம் சூடேறியது, மூச்சு முட்டியது, பழைய இறுக்கமும் வந்தது. தாதி என் தோளில் கை வைத்து, "இப்ப போயிரும்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். நான் திரையையே பார்த்தேன். ஒடுக்கத்துக்கு அப்பால் உள்ள அமுக்கத்தை முன்னால் உள்ளதால் பிரித்து வரும் எண்: 0.94, 0.89, பிறகு 0.86. அதற்குக் கீழே இறங்கவில்லை. 0.80 அல்லது குறைவு என்றால்தான் ஸ்டென்ட் பற்றி யோசிப்பார்களாம். எனக்கு மாத்திரையே போதும் என்றார்கள். கண் கலங்கிவிட்டது.

லண்டனில் இருக்கும் அண்ணனுக்கு இந்தக் கம்பியும் தேவைப்படவில்லை. அவருடைய சிடி படங்களிலிருந்து நாடிகளைக் கணினியில் முப்பரிமாணமாகக் கட்டி, நீரோட்டத்துக்குப் போடும் சமன்பாடுகளைக்கொண்டு கிளை கிளையாக அதே எண்ணைக் கணக்கிட்டார்கள். அடெனோசின் செய்கிற வேலையும் கணக்குக்குள்ளேயே அடக்கம். எந்தச் சிகிச்சை, பரிசோதனை நல்லது என்று ஆலோசனை சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இதை 2017இல் பரிந்துரைத்தது. ஆனால் நாடியில் சுண்ணாம்பு கனக்கப் படிந்திருந்தாலோ, படம் கலங்கினாலோ கணக்கும் பிசகும். மூச்சை அடக்கு என்று அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னது ஏனென்று அண்ணன் சொன்னபிறகுதான் விளங்கியது.

சிடி எடுக்கிறவர்கள் ரிப்போர்ட்டோடு படங்கள் பதிந்த சீடித் தட்டையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் கணக்கெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. என்னுடையது கிளினிக் கொப்பிக்குள் பத்திரமாக இருக்கிறது.