மங்கா, மாங்கா

தையல் வேலை குறைவாக இருக்கும் மதியங்களில் வெளிநாட்டுத் தையல் வீடியோக்கள் பார்ப்பேன். பேச்சு புரியாவிட்டாலும் கத்தரி போகிற பாதை புரியும். போன ஜூனில் ஒரு பிரேசில் அம்மா துணியை விரித்துப் போட்டு, சட்டையின் கைப்பகுதியைத் தொட்டுக் காட்டி "மங்கா, மங்கா" என்றார். இங்கே காவேரிப்பட்டணத்தில் என் கடை வாசலில் பெங்களூரா மாங்காய் டிராக்டர் டிராக்டராகக் கூழ் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அப்படியொரு சொல் காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியுமா?

தேடிப் படித்தேன். பிரேசிலில் பேசுவது போர்ச்சுக்கீசிய மொழி; அதில் சட்டைக் கைக்குப் பெயரே மங்காதான். லத்தீனில் கை என்பது 'மனுஸ்'. அதிலிருந்து சட்டைக் கைக்கு 'மனிக்கா', அது தேய்ந்து மங்கா. படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாமும் அப்படித்தானே சொல்கிறோம்! உடம்பில் இருப்பதும் கை, ஜாக்கெட்டில் இருப்பதும் கை. "அக்கா, முழங்கை வரைக்கும் கை வைங்க" என்று வருகிறவர்கள் கேட்கும்போது நான் ஒருநாளும் குழம்பியதில்லை.

அதே மொழியில் மாம்பழத்துக்கும் மங்கா என்றே பெயர். அது வேறு வழி. 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் கரை இறங்கியபின், மலபாரில் மலையாளத்தார் 'மாங்ங' என்று சொல்லக் கேட்டு போர்ச்சுக்கீசியர் எடுத்துப் போனது. ரோமாபுரியில் பிறந்த சொல்லும் நம் பக்கத்து மரத்தடியில் பிறந்த சொல்லும் லிஸ்பனில் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன.

அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். பத்தாவது படிக்கிறான், எந்நேரமும் போனில் ஜப்பான் காமிக்ஸ்தான். "அத்தை, அதுக்கும் மங்கான்னுதான் பேரு. நம்ம மாங்காயில இருந்துதான் போயிருக்கும்" என்றான் உறுதியாக. இல்லை கண்ணு. அது சீன எழுத்துகள் இரண்டு சேர்ந்தது. 'மன்' என்றால் கட்டுப்பாடில்லாமல் தன்போக்கில் போவது, 'கா' என்றால் ஓவியம். ஹொக்குசாய் என்ற ஓவியர் 1814-ல் வெளியிட ஆரம்பித்த சித்திரத் தொகுதிகளுக்கே அந்தப் பெயர் இருக்கிறது. கொரியாவில் அதே எழுத்துகளை மன்ஹ்வா என்று படிக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு, தளியிலிருந்து துணி கொடுக்க வரும் அம்மா வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அவருக்கு 'மங்க' என்றால் குரங்கு! மாங்காய் அவர்களுக்கு மாவினகாயி.

பையன் முகம் வாடிவிட்டது. நம் சொல் என்று பெருமைப்பட ஆசைப்பட்டிருக்கிறான், அதில் என்ன தப்பு? அப்புறம் மலாயைச் சொன்னேன். அங்கே மாம்பழம் மங்கா, பிலிப்பைன்ஸிலும் மங்கா. அது நிஜமாகவே நம் கரையிலிருந்து கப்பலேறிய மாங்காய். ஆங்கிலத்தின் மேங்கோவும் அதே கொடியில் வந்ததுதான். உடனே என் அளவு நோட்டை இழுத்து, யாருடைய கை சுற்றளவுக்கோ பக்கத்தில் அந்த மூன்றையும் எழுதி வைத்துவிட்டான். நான் அழிக்கவில்லை.