நாய்த் தட்டை எத்தனை மணிக்குக் கழுவிக் கவிழ்க்கிறீர்கள்?

தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். கத்திரி வெயில் நாட்களில் அந்தப் பேச்சின் கொடுமை பறவைகளுக்குத்தான் முழுதாகத் தெரியும். பாலாறு வெறும் மணல். சுற்றியிருக்கும் பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியெல்லாம் திருப்பிக் கொடுக்கும். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ ஒரு வீட்டில் நாய்க்கென்று வைத்த சட்டிதான் அந்தத் தெருவின் காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, அணில், ஓணான் எல்லாவற்றுக்கும் அப்போது குளம். வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கும் இடத்தைத்தான் இங்கே தோட்டம் என்று சொல்கிறேன். கொல்லை என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம்.

நாய்க்கும் பறவைக்கும் ஒரே சட்டி வேண்டாம். காக்கை எலும்பையும் காய்ந்த சோற்றையும் கொண்டுவந்து அதில் ஊறப்போடும். அரை மணியில் தண்ணீர் நாறிவிடும். குடிக்க இறங்கும் அணிலை நாய் பிடிப்பதும் அங்கேதான். பறவைக்கு வாய் அகன்ற மண்தட்டு வையுங்கள், ஆழம் இரண்டு அங்குலம் போதும். மண் கசிவதால் தண்ணீர் குளிர்ந்திருக்கும். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் பதினோரு மணிக்கே சுடும். நடுவில் தண்ணீருக்கு மேல் தலை நீட்டும்படி ஒரு சொரசொரப்பான கல். சிட்டுக்குருவி அதில் உட்கார்ந்து குடிக்கும், தேனீ மூழ்காது. தட்டு நிழலில், நான்கடி உயரத்தில், புதரிலிருந்து ஆறடியாவது தள்ளி இருக்கட்டும். பக்கத்திலேயே செம்பருத்திப் புதர் இருந்தால் பூனை அதற்குள் பதுங்கிக் காத்திருக்கும்.

தினமும் காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுத் தேங்காய் நாரால் தட்டின் உட்பக்கத்தைத் தேயுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை, குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் கொசு தண்ணீர் விளிம்பை ஒட்டிச் சுவரில் முட்டையிடும். ஊற்றினால் அது போகாது, தேய்த்தால்தான் போகும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். திறந்த சிமெண்ட் தொட்டி இருந்தால் ஒரு தேங்காய்க் கயிற்றையோ சாக்குத் துண்டையோ விளிம்பில் கட்டி அடிவரை தொங்கவிடுங்கள். வழவழப்பான சுவரில் அணிலால் ஏற முடியாது; வெயில் காலத்தில் தொட்டியில் செத்து மிதக்கும் அணில்கள் தாகத்துக்கு இறங்கியவை.

நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் ஒரு நாளைக்கு என்பது சாதாரணக் கணக்கு. பதினைந்து கிலோ நாட்டு நாய்க்கு 750 முதல் 900 மில்லி. கத்திரியில் இதைவிடக் கூடும். நடக்கக் கூட்டிப்போவது காலை ஏழுக்கு முன்னால், அல்லது இருட்டிய பிறகு. புறங்கையைத் தார்ச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. தகரக் கொட்டகைக்குள் கட்டிப்போடவே கூடாது. வேறு வழியில்லை என்றால் தகரத்தின் மேல் தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விக்கும் வழியே பாதிதான். இந்த ஊர் வெயிலுக்கு அவற்றை வாங்கிவருவது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து, 106 என்றால் உயிருக்கே. எச்சில் கெட்டியாகி நூலாக வடியும், ஈறு செக்கச்செவேல் என்றாகும், கால் தள்ளாடும், வாந்தி வரும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி மின்விசிறிக் காற்றில் படுக்க வையுங்கள். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு தவறு உண்டு. மாடித் தொட்டிக் குழாயைத் திறந்து பிடிப்பார்கள். மத்தியானத்தில் அந்தத் தண்ணீர் கை பொசுங்கும் சூட்டில் வரும். தரைத்தொட்டியிலிருந்தோ குடத்திலிருந்தோ மொண்டு ஊற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டுப் போவதும் தவறு, துண்டு சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். சூடு 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் தூக்கிப்போங்கள். எழுந்து நடக்கிறதே என்று விட்டுவிட்டால், உள்ளே சிறுநீரகம் கெட்டு இரண்டு நாள் கழித்துக்கூட இறக்கலாம்.

அடுத்தது சாப்பாட்டுத் தட்டு. களியோ தயிர்ச் சோறோ, நாய் பாதி தின்றுவிட்டு நகர்ந்தால், ராத்திரி பசிக்கும்போது தின்னட்டும் என்று தோட்டத்திலேயே விட்டுவிடுகிறோம். அதைத் தின்பது எலி. எலி பழகிய இடத்துக்குச் சாரைப்பாம்பு வரும், நல்லபாம்பு வரும், கண்ணாடி விரியன் வரும். பாம்பு வராமலிருக்கப் பூண்டு கரைத்துத் தெளிப்பது, பினாயில் ஊற்றுவது, கந்தகம் தூவுவது எதற்கும் பயனில்லை. சாயங்காலம் ஆறரைக்குச் சோறு வையுங்கள், இருபது நிமிடம் பொறுங்கள், மிச்சத்தை எடுத்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். ராத்திரித் தண்ணீரை வாசற்படிக்கு உள்ளே வையுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும், அதனிடமிருந்து நமக்கும் வரலாம். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள்.

குருவிக்கு இறைக்கும் கம்பு, நொய்க்கும் இதே கணக்குத்தான். காலையில் ஒரு கைப்பிடி, பத்து மணிக்குள் தீர்ந்துவிடும் அளவு. கோழித் தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். சாக்கை எலி ஒரே ராத்திரியில் ஓட்டை போடும். விறகு, செங்கல், தென்னை மட்டை எதையும் சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள். ஓர் அடி உயரத்தில் கம்போ கல்லோ கொடுத்து அதன் மேல் அடுக்கினால் அடியில் பெருக்கவும் பார்க்கவும் முடியும். குன்றை ஒட்டிய தெருக்களில் கற்குவியலுக்குள் சுருட்டை விரியன் கிடக்கும், உருவத்தில் சிறியது. கழிவுநீர்க் குழாய் வாய்க்குக் கால் அங்குலக் கம்பி வலை போடுங்கள், பின்கதவின் அடியில் இடைவெளியை அடையுங்கள்.

நாம் அடித்து விரட்டும் பாம்புகளில் பாவம் சாரைதான். மஞ்சளும் பழுப்புமாக நீளமாக ஓடுவதைப் பார்த்து நல்லபாம்பு என்று அடித்துவிடுகிறார்கள். அதற்கு விஷம் இல்லை, எலிதான் அதன் இரை. கட்டுவிரியன் வேறு வகை. ராத்திரியில் மட்டும் திரியும், பல்லியையும் மற்றப் பாம்பையும் தேடி வீட்டுக்குள்ளேயே வரும், கடித்தால் எறும்பு கடித்த அளவுகூட வலிக்காமல் போகலாம். புழுக்கம் தாங்காமல் திண்ணையிலும் தரையிலும் படுப்பவர்கள் கட்டிலில் படுத்துக் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ள வேண்டும்.

நாய் ஓரிடத்தையே பார்த்துக் குரைத்து, முன்னே போய்ப் பின்னே வந்தால், முதலில் நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். பிறகு 101-க்குக் கூப்பிடுங்கள், தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள். நாயைப் பாம்பு கடித்துவிட்டால், விரியன் கடியில் முகமோ காலோ வீங்கும், மூக்கிலும் சிறுநீரிலும் ரத்தம் வரலாம். நல்லபாம்பு, கட்டுவிரியன் கடியில் இமை தொங்கும், பின்னங்கால் துவளும், மூச்சு திணறும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், மிளகாயோ நெய்யோ புகட்டாதீர்கள். நடக்கவும் விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதருக்குப் போடும் கூட்டு விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும், ஆனால் எல்லாக் கால்நடை மருத்துவரிடமும் அது இருப்பில் இருக்காது. யாரிடம் இருக்கிறது, ராத்திரியில் யார் வருவார் என்பதை இன்றைக்கே நான்கு இடத்தில் விசாரித்து எண்ணைக் கதவில் ஒட்டி வையுங்கள். கடித்தது மனிதரை என்றால் 108.

எலிக்கு விஷக் கட்டி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடும்படி கெஞ்சியே கேட்கிறேன். கடையில் கிடைக்கும் கட்டிகள் பலவற்றில் இருப்பது ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து. தின்ற எலி உடனே சாகாது, மூன்று நான்கு நாள் தள்ளாடித் திரியும். அதைப் பூனை பிடிக்கும், நாய் கவ்வும், கூகை தூக்கிப்போகும். விஷம் அவற்றுக்கும் போய்ச் சேரும். நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மலத்தில் ரத்தம் வந்தால் கட்டியின் அட்டையையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், வாரக்கணக்கில் தொடர வேண்டும். எலிப்பொறியில் கருவாடு வைத்தாலே போதும்.

ஈறு வெளுக்க வேறு காரணங்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சம் ஒன்று. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் வெங்காயமே கெடுதல் செய்யும், பூனைக்கு 5 கிராம். வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். இன்னொரு காரணம் உண்ணிக் காய்ச்சல். ரத்தம் குடித்துக் கொழுத்த உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு விரிசலை விட்டுவிட்டால் மாதம் திரும்புவதற்குள் பழையபடி ஆகிவிடும். விரிசலைச் சிமெண்டால் பூசுங்கள், படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசுங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம். பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நக்கிய நாய் வாயில் நுரை தள்ளி இறந்துவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்கு ஊற்றினாலும் பூனை பிழைக்காமல் போகலாம். பெர்மெத்ரின் என்று எழுதியிருந்தால் பூனை பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

காற்று வீசும் மாதங்களில் கூடு கலைந்து அணில் குட்டி கீழே விழும். பசும்பால் புகட்டாதீர்கள், வயிற்றுப்போக்கில் போய்விடும். கை சுடாத வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி, அதன் பக்கத்தில் குட்டியை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, எறும்பு ஏறாதபடி அதே மரத்தில் கம்பியால் தொங்கவிடுங்கள். நாயையும் பூனையையும் இரண்டு மூன்று மணி நேரம் உள்ளே அடைத்துவிட்டு நீங்களும் விலகிப்போங்கள். தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போகும். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகும் மைனாக் குஞ்சுக்கு உதவியே தேவையில்லை. பறக்கப் பழகுகிறது, தாய் மேலே கம்பியில்தான் இருக்கும். அலகைப் பிளந்து தண்ணீர் விட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய் அதிலேயே இறக்கும். கிளிக் குஞ்சு கிடைத்தது என்று கூண்டில் போடுவது 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

முதல் மழை பெய்ததும் தேரைகள் வெளியே வரும். நாய் ஒன்றைக் கவ்விவிட்டால் அதன் தோல் பாலால் வாயில் நுரை கொட்டும். குழாய்த் தண்ணீரைக் கடைவாய்ப் பக்கமாக விட்டு, தலையைக் கீழே சாய்த்து, தண்ணீர் வெளியே வழியும்படி பத்து நிமிடம் அலசுங்கள். நேராகத் தொண்டைக்குள் ஊற்றினால் பால் வயிற்றுக்குப் போய்விடும். அலசிய பிறகும் தள்ளாடினாலோ வெட்டி இழுத்தாலோ மருத்துவரிடம் தூக்கிப்போங்கள். தேரையை ஒரு முறத்தில் தள்ளிச் செடிகளுக்கு இடையில் விட்டுவிடுங்கள், கொசுவையும் கரையானையும் அதுதான் தின்கிறது.