ஒரு பத்தி எரியிற நேரம்

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதிலிருந்து பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. தெற்கு மாசி வீதியில் வாங்கிய மல்லிகைப் பத்தி ஒன்றைக் கொளுத்தி, ஸ்டாண்டு இல்லாததால் பாதி வாழைப்பழத்தில் குத்தி மேஜை ஓரமாக வைத்தேன். வாசனையால் மூளை கூர்மையாகிறது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அதுவும் அசல் மதுரை மல்லி வாசனைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அது அணைகிறவரை போனைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டேன், முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. சீனாவிலும் ஜப்பானிலும் அந்தக் காலத்தில் பத்தி எரிவதை வைத்தே நேரம் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், அதனால் நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

சாம்பல் நீளமாக வளைந்து நின்று, பொத்தென்று கீபோர்டில் விழும், ஊதினால் இன்னும் உள்ளே போகும். புகையும் நல்லதில்லை, அதில் இருக்கும் நுண்துகள் நுரையீரலுக்குள் போகும், ஆஸ்துமா இருப்பவர்கள் பக்கத்திலேயே வராதீர்கள். நான் ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு நாளைக்கு ஒன்றோடு சரி.

“சாமிக்கு வச்ச பத்திய எங்கடா காணோம்?” என்று அம்மா கேட்கிறார். அப்புறம் வருகிறேன்.