டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை: விரலுக்கு முன்னால் காது

மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் தொழில். இதற்கு வர நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது தட்டச்சு வேகத்தைத்தான். தமிழ்நாடு அரசின் ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45. முதுநிலை தேறியவருக்கு விரலைப் பற்றிய கவலை வேண்டாம். தமிழில் பழைய தட்டச்சு முறையில் பழகியிருந்தால் என்எச்எம் ரைட்டர் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் அதே முறையில் யூனிகோடில் அடிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பைத்தான் சொல்வேன். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் வருவதால் இரண்டு கைகளும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

தேர்வில் தாள் கண்ணெதிரே இருக்கும். இங்கே எல்லாம் காதை நம்பித்தான். காசிமேட்டு மீனவர் ஒருவரின் பேட்டி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகு எஞ்சின் இரைச்சலுக்கும் ஏலக் கூச்சலுக்கும் நடுவே அவர் சீலாவையும் காரப்பொடியையும் பற்றிப் பேசுகிறார். இரண்டும் மீன் என்று தெரியாதவர் முதலாவதைப் பெண் பெயராகவும் அடுத்ததை மசாலாவாகவும் எழுதிவிடுவார். தானாக எழுத்தாக்கும் மென்பொருள் தருவதைத் திருத்தும் வேலைக்கும் இந்த அறிவுதான் மூலதனம். பதிவைத் தொடும் முன் அந்தத் துறையைப் பற்றிச் சிறிதாவது படித்துவிடுங்கள்.

பயிற்சிக்கு வானொலிச் செய்தியில் தொடங்கிப் பட்டிமன்றத்துக்குப் போங்கள். ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடும் விவாதங்களைக் கடைசியாக எடுங்கள். ஐந்து நிமிடப் பகுதியை எழுதி, மறுநாள் எழுதியதைப் பார்த்துக்கொண்டே மீண்டும் கேளுங்கள். எங்கே தவறியது, பெயரிலா, எண்ணிலா என்று குறித்துவையுங்கள். வாக்கிய முடிவில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது, பேசுபவரின் குரல் தாழ்வதும் அங்கேதான். ஒரு 'இல்லை' நழுவினால் சொன்னதன் பொருளே தலைகீழாகிவிடும்.

கேட்டு எழுதுவதற்கான ஓட்ரான்ஸ்கிரைப் என்ற இணையக் கருவி இலவசம், விசைப்பலகையிலிருந்து கை எடுக்காமல் ஒலியை நிறுத்தலாம், பின்னோக்கி நகர்த்தலாம். வேலை நிலைத்த பிறகு, காலால் ஒலியை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கால் பெடல் வாங்கிக்கொள்ளலாம். காதை முழுதும் மூடும் நல்ல ஹெட்போனை மட்டும் முதலிலேயே வாங்குங்கள். தெருவில் தண்ணீர் லாரி வந்தால் அதன் அருமை தெரியும்.

கேட்காத சொல்லை ஊகித்து எழுதாதீர்கள். நேரத்தைக் குறித்து, 'தெளிவில்லை' என்று போடுங்கள். அது உங்கள் நேர்மைக்கு அடையாளம். 'வந்து', 'அதாவது' போன்றவற்றை அப்படியே வைப்பதா, நீக்குவதா, பேச்சு நடையா, எழுத்து நடையா என்பதை வேலை தருபவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வேலை தருவதாகச் சொல்லி முன்பணமோ பதிவுக் கட்டணமோ கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கூலி பெரும்பாலும் ஒலியின் நிமிடக் கணக்கில்தான். தெளிவான ஒரு மணி நேரப் பதிவுக்கே கைப்பழக்கம் உள்ளவருக்குச் சுமார் நான்கு மணி நேரம் பிடிக்கும். இரைச்சல் இருந்தால் அது இன்னும் நீளும். ஆகவே தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் பதிவைக் கேட்டுப் பார்த்த பிறகே விலை சொல்லுங்கள்.