ஆல் கேப்போடு ஒரு வாரம்

ஜூன் 7, சனி

ஆல் கேப் வரைந்த 'லில் ஆப்னர்' படக்கதையை எடுத்திருக்கிறேன். 1934 முதல் 1977 வரை அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்த தொடர். டாக்பேட்ச் என்ற ஏழை மலைக்கிராமம், அங்கே சூதுவாது தெரியாத பலசாலி ஆப்னர்.

இன்று படித்தது 1948இல் வந்த ஷ்மூ கதை. ஷ்மூ உருண்டையான ஒரு பிராணி. பால் தரும், முட்டையிடும். பசியோடு பார்த்தாலே ஆனந்தத்தில் செத்து விழும். பொரித்தால் கோழிக்கறி ருசி. அப்புறம் யார் கடைக்குப் போவார்கள்? பன்றி இறைச்சி வியாபாரத்தில் கொழித்த முதலாளி பதறிப்போய், ஷ்மூக்களைச் சுட்டுத்தள்ள ஆளனுப்புகிறார். ஏழைக்குச் சும்மா சோறு கிடைத்தால் யார் வயிறு எரியும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படக்கதையை நான் வேறு பார்த்ததில்லை.

ஜூன் 8, ஞாயிறு

1967க்கு வந்துவிட்டேன். கேப் இப்போது இடதுசாரிகளான எங்களுக்கு எதிர்முகாமில் நிற்கிறார். போர் எதிர்ப்புப் பாடகி ஜோன் பயஸை 'ஜோனி ஃபோனி' ஆக்கியிருக்கிறார் ('ஃபோனி' என்றால் ஆங்கிலத்தில் போலி). அவள் வர்க்கப் போராட்டம் பற்றிப் பாடுவாள். வருவதோ சொகுசுக் காரில். அநாதைக் குழந்தைகளிடமே பெருந்தொகை கேட்பாள்.

வாய்விட்டுச் சிரித்தேன். பிரமாதமாக வரைந்திருக்கிறார்.

ஆனால் சொல்வது அநியாயம். வரிப்பணம் ராணுவத்துக்குப் போகிறது என்று 1964இலேயே வருமான வரியில் ஒரு பகுதியைக் கட்ட மறுத்தவர் பயஸ். 1967 அக்டோபரில் ஓக்லாந்தில் ராணுவ ஆள்சேர்ப்பு மையத்தை மறித்துச் சிறைக்கும் போனார். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்களின் எண்ணிக்கை ஐந்து லட்சத்தை நெருங்கிய வருடம் அது. அவரை வேஷதாரி என்பதை என்னால் ஏற்க முடியாது.

ஜூன் 11, புதன்

அலுவலக நண்பர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "என்ன தோழர், நீங்களா இதையெல்லாம் படிக்கிறீங்க?" என்றார். ஆமாம் என்றேன். போராடும் மாணவர்களைக் கிண்டல் செய்ய கேப் ஒரு கும்பலையே உருவாக்கினார். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'SWINE', அதாவது 'பன்றி' என்று வரும். அதைக் காட்டினேன். நண்பருக்கும் சிரிப்பு வந்தது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல நகைச்சுவையை நல்லது என்று ஒப்புக்கொண்டால் நம் கட்சி பலவீனப்பட்டுவிடுமா? எல்லாவற்றையும் எதிர்க்கும், குளிக்காத மாணவனை நானும் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்குக் கேப் சொல்வது சரி. அவன் எதிர்த்த போர் என்னவாயிற்று என்று அவர் கேட்கவே இல்லை. என் சண்டை அதில்தான்.

ஜூன் 14, சனி

கேப்பை ஒரே பக்கமாக அடைத்துவிடவும் முடியவில்லை. 1949இல் ஹில்டா டெரி என்ற பெண் ஓவியரைக் கேலிச்சித்திரக்காரர் சங்கத்தில் சேர்க்க மறுத்தபோது, அதைக் கண்டித்து விலகியவர் இவர்.

1969இல் மான்ட்ரியலில் பாடகர் ஜான் லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் அமைதிக்காகப் படுக்கையிலேயே கிடந்தார்களே, அங்கும் போய்ச் சண்டை பிடித்தார். அந்தப் படத்துண்டைப் பார்த்தேன். கையில் பேனா இல்லாத கேப் வெறும் வசைதான் பாடுகிறார். ஒரு இடத்திலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வெறுப்பு கட்டங்களுக்குள் வந்தால் வேகம் வருகிறது, உருவம் வருகிறது, நான் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறேன். மிச்சமிருக்கும் 1970களையும் படிக்கத்தான் போகிறேன், ஓரத்தில் என் மறுப்புகளை எழுதிக்கொண்டே.