இரு மொழிகளில் ஒரே குரல்: அஷா

2007-இல் வெளிவந்த, நைஜீரியப் பாடகி அஷாவின் முதல் ஆல்பத்தை எப்போது கேட்கத் தொடங்கினாலும், அந்நாட்டு மொழிகளில் ஒன்றான யொருபாவை அறியாத நான் ‘எயே அடாபா’ பாடலில்தான் நின்றுவிடுகிறேன். அடாபா என்றால் புறா. பொழுது விடிந்துவிட்டது என்று சொல்லி அந்தப் பறவையை அழைக்கும் குரலில் அவசரமே இல்லை.

1982-இல் பாரிஸில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த அவர், சிறு குழந்தையாக இருந்தபோதே நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குச் சென்று அங்கேயே வளர்ந்தார். தந்தை சேர்த்து வைத்திருந்த இசைத்தட்டுகளில் அமெரிக்க சோல் பாடகர் மார்வின் கேயும் நைஜீரியாவின் ஃபெலா குட்டியும் ஜமைக்காவின் பாப் மார்லியும் அடுத்தடுத்து ஒலித்த வீடு அது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையும் யொருபாவும் அவர் பாட்டில் ஒட்டுப்போட்டதுபோல் தெரியாமல் இயல்பாகக் கலந்திருப்பதற்கு அந்த வீடே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பார்வைத்திறன் அற்ற இசைத் தயாரிப்பாளர் கோபாம்ஸ் அசுகோவுடன் சேர்ந்து உருவாக்கிய அந்த ஆல்பத்தை, பிரான்ஸின் சுயாதீன நிறுவனமான நாயீவ் வெளியிட்டது. அதில் ‘ஜெய்லர்’ என்ற ஆங்கிலப் பாடல், கைதியைக் கட்டிவைத்திருப்பவனும் கட்டுண்டவனே என்பதைக் குரலை உயர்த்தாமல், ஏறக்குறைய தாலாட்டும் தொனியில் அவனிடமே சொல்கிறது. கோபத்தை இவ்வளவு மென்மையாகப் பாட முடியும் என்பதை நான் அதில்தான் கண்டேன். ஆல்பம் வெளிவந்த மறு ஆண்டே, வளரும் இசைக் கலைஞர்களுக்கான பிரான்ஸின் கான்ஸ்டன்டின் பரிசு அவருக்குக் கிடைத்தது.